நாற்சார் வீட்டில் விருந்தினர் அறை: எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது

பிள்ளைகள் வெளிநாடு போனபின் பூட்டிக் கிடக்கும் நாற்சார் வீடுகள், அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய பழைய வீடுகள், யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அதில் இரண்டு அறையைத் திருத்தி விருந்தினருக்குக் கொடுக்கலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது மூன்று வேலை: முற்றத்துக்கு மேலே ஒளிபுகும் தகடு போடுவது, சுவரைச் சீமெந்தால் பூசுவது, தரைக்கு ரைல்ஸ் பதிப்பது. மூன்றுமே வீட்டைக் கெடுக்கும். அந்தக் காசை முதலில் கூரையை ஒழுங்காகப் பிரித்து மேயச் செலவிடுவது நல்லது.

பழைய வீட்டை விடுதியாக நடத்தும் கலையை யப்பானியரிடம் பார்க்கலாம். அவர்களின் பாரம்பரிய விடுதியை ரியோகான் என்பார்கள். இஷிகாவாவில் அவாசு வெந்நீர் ஊற்றடியில் உள்ள ஹோஷி விடுதி 718 இலும், யமனாஷியில் உள்ள கெய்யுன்கான் 705 இலும் தொடங்கியவை. இன்று அங்கே நிற்கும் கட்டடங்கள் அத்தனை பழையவை அல்ல. காலங்காலமாகத் தொடர்ந்து வருவது பராமரிக்கும் முறைதான். மரச்சட்டகம் நிற்கும், ஷோஜி என்ற கதவில் ஒட்டிய கடதாசியை ஆண்டு முடிவில் கிழித்துப் புதிதாக ஒட்டுவார்கள். தத்தாமி என்ற தடித்த தரைப்பாயின் மேல்விரிப்பைச் சில ஆண்டுகளில் புரட்டிப் போடுவார்கள், பிறகு விரிப்பை மட்டும் மாற்றுவார்கள், அடிப்பாகம் அப்படியே இருக்கும். எங்கள் ஊரிலும் கிடுகு வேலியும் சுண்ணாம்பு வெள்ளையும் பாயும் இதே கணக்கில்தான் நடந்தன. ஆகவே வேலை தொடங்குமுன் வீட்டைச் சுற்றி வந்து, நிற்க வேண்டியவை எவை, மாற வேண்டியவை எவை என்று பிரித்து எழுதுங்கள். சுவர், தூண், கூரையைத் தாங்கும் கைமரம், முற்றம், கதவு நிலை எல்லாம் நிற்க வேண்டியவை. வெள்ளை, ஓடு, தட்டி, பாய், மெத்தை எல்லாம் மாறுபவை.

அதற்கும் முன் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சீதனமாகவும் முதுசமாகவும் கைமாறிய வீடுகளில் நாலைந்து பங்காளிகள் இருப்பது வழமை. எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரிடம் அவர் சார்பில் கையொப்பமிடும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டுவதற்குப் பிரதேச சபை அல்லது மாநகர சபை அனுமதியும், விருந்தினரை எடுக்க இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைப் பதிவும் தேவை.

கூரையும் முற்றமும்

இங்கே மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்து முடியும். கூரை வேலையைத் தை பிறந்ததும் தொடங்கி ஆவணிக்குள் முடியுங்கள். சோளகம் பலமாக வீசும் நாட்களில் ஓடு கழற்றுவது ஆபத்து.

பனங் கைமரத்தை வெளியே பார்த்து மதிப்பிட முடியாது. வைரம் என்ற கெட்டியான வெளிப்பகுதி கறுப்பாக மினுங்கும், உள்ளே கறையான் தின்று கோறையாக இருக்கும். சுத்தியலால் அடிக்கு ஒருமுறை தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் ஊசியை ஊன்றிப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மாற்ற வேண்டும். முதலில் பார்க்க வேண்டிய இடம் சுவருக்குள் செருகியிருக்கும் நுனி. உக்கல் அங்கேதான் தொடங்கும். நுனி மட்டும் கெட்டிருந்தால் முழு மரத்தையும் கழற்ற வேண்டியதில்லை, பக்கத்தில் இன்னொரு துண்டைச் சேர்த்து ஆணிப்பூட்டுப் போடலாம். பனையில் நேரே ஆணி அடித்தால் நார் வழியே பிளக்கும், முதலில் துளையிடுங்கள். புதிய பனை தறிக்க அனுமதி தேவை என்பதால் இடிந்த வீட்டு மரத்தைத் தேடிப் பிடிப்பது நல்லது. பழைய வைரத்துக்கு ஈடாகப் புதுமரம் கிடைப்பதும் அரிது.

நாற்சார் வீடு ஒழுகுவது அநேகமாக முற்றத்து நாலு மூலையில்தான். இரண்டு கூரைச் சரிவும் சேரும் அந்த மூலைப் பீலிக்கு 18 அங்குல அகலத் தகடு போட்டு, பக்கத்துக்கு 9 அங்குலமாக ஓட்டுக்கு அடியில் செருகுங்கள். சீமெந்துக் கலவையால் மூலையை அடைப்பவர்கள் உண்டு. வெயிலில் அது வெடித்து, அடுத்த மாரியில் முன்பைவிட அதிகமாக ஒழுகும். மாமரமோ வேம்போ பக்கத்தில் நின்றால் புரட்டாதிக்குள் ஒருமுறை, மழை தொடங்கியபின் கிழமைக்கு ஒருமுறை பீலியில் சருகு அள்ள வேண்டும்.

முற்றத்துத் தண்ணீர்க் கணக்கைப் பலர் குறைத்து எடுக்கிறார்கள். 12 அடிக்கு 12 அடி முற்றம், சுற்றிவர 10 அடி அகலத்துக்கு உள்ளே சரியும் கூரை என்று வையுங்கள். மொத்தம் 1,024 சதுர அடி, ஏறக்குறைய 95 சதுர மீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 4,750 லீற்றர் முற்றத்துக்குள் இறங்கும். அதை வெளியே கொண்டுபோக 2 அங்குலக் குழாய் போதாது. குறைந்தது 4 அங்குலம், வாயில் எடுத்துக் கழுவக்கூடிய கம்பித்தட்டு, தரைக்கு 5 அடிக்கு 1 அங்குலச் சரிவு வேண்டும். வாய்க்காலை வளவில் வாழைப்பாத்திக்கு விடலாம்.

முற்றத்தைத் தகட்டால் மூடினால் அறைகளின் சூடான காற்று மேலே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே நிற்கும். சித்திரை வெயிலில் அந்த அறையில் யாரும் தூங்கமாட்டார்கள். மழைத்தூவானம் விறாந்தைக்கு வருகிறதென்றால் தாழ்வாரத்தில் சுருட்டிக் கட்டும் தட்டி போடுங்கள். யப்பானிய விடுதிகளிலும் கோடையில் நாணல் தட்டிதான் தொங்கும். நுளம்புக்கு நுளம்புவலை போதும்.

சுவர்

பழைய சுவர்கள் ஒன்றரை இரண்டு அடித் தடிப்பில் சுண்ணாம்புக்கல்லால் கட்டியவை. அடியில் ஈரந்தடுக்கும் படை கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் உலர்ந்துவிடும். சீமெந்து பூசினால் உலர வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறும், கூடவே உப்பும் ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்புப் பொரிந்து, இரண்டு மூன்று மாரியில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். மேசன் அதற்கு மேலே இன்னும் வலுவான சீமெந்து பூசச் சொல்வார். விடாதீர்கள்.

ஏற்கெனவே சீமெந்து பூசியிருந்தால் நாணயத்தால் தட்டுங்கள். வெறுமையாக ஒலிக்கும் இடமெல்லாம் உடைத்து எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டி, விழும் தூளை அள்ளி வளவுக்கு வெளியே கொட்டுங்கள்.

சாந்துக்குச் சுட்ட சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்கு அடியில் குறைந்தது மூன்று கிழமை வைத்திருக்க வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் கிட்டப் போகக்கூடாது. நீறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கரகரப்பான மணல் மூன்று பங்கு. கடற்கரை மணலில் உப்பு இருக்கும். கழுவாமல் சேர்த்தால் செய்த வேலை வீண். சுவரை நனைத்துவிட்டு ஒரு படைக்கு அரை அங்குலத்துக்குள் பூசுங்கள், அடுத்த படைக்கு ஒரு கிழமை விடுங்கள், அதுவரை ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். வெயில் நேரே பட்டால் சாந்து இறுகாமல் பொருபொருக்கும். வெள்ளைக்குச் சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து, துணியில் வடித்து, நனைத்த சுவரில் மூன்று நாலு தரம் மெல்லியதாக அடியுங்கள். ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தால் கையில் ஒட்டும், விருந்தினரின் உடுப்பிலும் ஒட்டும். எமல்ஷன் வேண்டாம், அதுவும் சீமெந்தைப் போலவே ஈரத்தை மறிக்கும்.

மின்கம்பிக்காகக் கல்லுச்சுவரை வெட்டாமல், கைமரத்தோடும் கதவு நிலையோடும் வெளிக்குழாயில் கொண்டுபோங்கள்.

அறை

முற்றத்தைச் சுற்றிய அறை 10 அடிக்கு 12 அடி என்றால் சிறியது என்று நடுச்சுவரை உடைக்கிறார்கள். கூரைப்பாரம் அந்தச் சுவரிலும் நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. யப்பானியரின் அறையைப் பாருங்கள்: கியோட்டோ அளவில் ஒரு தத்தாமி 191 சதம மீற்றர் நீளம், 95.5 அகலம். ஆறு பாய் அறை 118 சதுர அடிதான் வரும், எங்கள் அறையின் 120 சதுர அடிக்கு ஏறக்குறையச் சமம். அங்கே அந்த அளவு போதுமாக இருப்பதற்குக் காரணம் அறையில் நிரந்தரமாக ஒன்றும் நிற்பதில்லை. பகலில் குட்டை மேசை. இரவில் மேசையை ஒதுக்கி, சுவர் அலுமாரியிலிருந்து மெத்தை எடுத்து விரிப்பார்கள்.

அதை அப்படியே எடுக்கலாம். ஓர் அறைக்கு இரண்டு பனையோலைப் பாய், மூன்று அங்குல இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, ஒரு குட்டை மேசை, மடக்கி வைக்கச் சுவரோரம் பலகைத்தட்டு. மெத்தையைப் பகலிலும் பாயில் விட்டால் மார்கழி ஈரத்தில் அடியில் பூஞ்சணம் பிடிக்கும், யப்பானிலும் இதே தொல்லைக்காகத்தான் தினமும் மடித்து எடுக்கிறார்கள். முழங்கால் நோவுள்ளவர்களுக்காக ஓர் அறையில் கட்டில் கட்டாயம் போடுங்கள். கதவுக்கு மேலே மரச்சலாகைக் காற்றுவழி இருந்தால் கண்ணாடி போட்டு அடைக்காதீர்கள்.

வாசலில் செருப்புக் கழற்றும் இடம் தெளிவாகத் தெரியவேண்டும். படிக்கட்டருகே 16 அங்குல உயர வாங்கு, கால்கழுவ ஒரு பைப், மழை படாத செருப்புத் தட்டு. இவை இல்லையென்றால் எழுதி ஒட்டினாலும் செருப்போடுதான் உள்ளே வருவார்கள்.

சுவாமி அறையை வாடகைக்குச் சேர்க்காதீர்கள். குசினிப் பக்கத்தை வீட்டார் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தைக் கொடுப்பது இருவருக்கும் வசதி.

குளியலறை

பழைய அறைக்குள் குளியலறை தடுக்காதீர்கள். தினமும் தண்ணீர் படும் சுண்ணாம்புச் சுவர் நெடுநாள் தாங்காது. வீட்டின் பின்புறம் தனிக் கட்டடமாகக் கட்டி, கூரை போட்ட நடைபாதையால் இணையுங்கள். தரை நடைபாதையைவிட 2 அங்குலம் பதிவாக இருக்கட்டும். பல பழைய ரியோகான்களில் குளியல் பொதுவானதுதான். முன்பதிவிலேயே சொல்லிவிட்டால் குறையாக எடுக்கமாட்டார்கள். கழிவறைக்குத் தனிச் செருப்பு வைக்கும் அவர்களின் வழக்கமும் எடுக்க வேண்டியது.

மலக்குழியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எங்கள் நிலத்தடி வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல், அழுக்கு வடிபடாமலே கிணற்றுக்குப் போய்ச்சேரும். அடி திறந்த குழி வெட்டாமல், அடியும் பக்கமும் பூசிய இரண்டறைத் தொட்டி கட்டுங்கள். கசிவுப் பகுதியை உங்கள் கிணற்றிலிருந்தும் அயலவர் கிணற்றிலிருந்தும் வளவு விடுமளவு தூரத்துக்குத் தள்ளுங்கள். விருந்தினர் எடுக்கத் தொடங்குமுன்னும் பிறகு ஒவ்வொரு மாரி முடியவும் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்தாலும் முதல் மாரிக்கு முன்பதிவு எடுக்காதீர்கள். மழை பெய்யும்போது ரோச்சோடு அறை அறையாகப் போய், ஈரம் தெரியும் கைமரத்திலும் சுவரிலும் சோக்கால் குறியிட்டு, திகதியும் எழுதுங்கள். சுவரில் ஈரம் ஏறிய உயரத்தை மாதத்துக்கு ஒரு கோடாகக் கீறினால், சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்கிறதா என்பது பங்குனிக்குள் தெரிந்துவிடும். கோடு இறங்கினால் அடுத்த வெள்ளையை அடிக்கலாம். இறங்காவிட்டால் அந்தச் சுவரடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று வெளியே போய்த் தேடுங்கள்.