தொண்டர் திட்டம் எடுக்கிற சங்கக்காரர், நான் விட்ட பிழையளை நீங்களும் விடாதேங்கோ

போன மாசம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு ரெயினிங். நாலு மாதர் சங்கம், ரெண்டு சனசமூக நிலையம், எல்லாரும் முதல்தரமா ஒரு வருசத் தொண்டர் திட்டம் எடுக்கினம், அதாவது வெளியில காசு தாறவையிட்ட விண்ணப்பிச்சு, கொடுப்பனவோட தொண்டர் பிள்ளையளை வேலைக்கு வைக்கிறது. ரீ குடிக்கேக்க ஒரு செயலாளர் தங்கச்சி கேட்டா, "அண்ணை, உந்த ரைம் சீற்றை மாசக் கடைசில ஒரேயடியா எழுதினாக் காணுந்தானே?" தொண்டர் ஆர் எண்டைக்கு எத்தினை மணித்தியாலம் என்ன வேலை செய்தது எண்டு எழுதுற தாள்தான் ரைம் சீற். வாயில வச்ச வடை இறங்கேல்ல எனக்கு. 2018ல அதையேதான் நானும் சொன்னனான், கேள்வியாக்கூட இல்லை, உத்தரவா.

கூட்டத்துக்குப் பிந்தி வாறது, பில்லைத் துலைக்கிறது எல்லாம் இதில எழுதேல்ல. அது நீங்களே பட்டுத் திருந்துவியள்.

மாசக் கடைசி ரைம் சீற்

அப்ப நான் கிளிநொச்சியில கண்டாவளைப் பக்கம் ஒரு சங்கத்தில இணைப்பாளர். ஆறு தொண்டர் பிள்ளையள், வேலை வீட்டுத்தோட்டமும் பின்னேர வகுப்பும். ஒவ்வொரு மாசமும் 30ம் திகதி எல்லாரையும் இருத்தி, ஒரே நீலப் பேனையால, திங்கள் தொடக்கம் சனி வரைக்கும் 8, 8, 8 எண்டு நிரப்பி, கீழ நானே கையெழுத்தும் வச்சு அனுப்புறது. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல, அதால சரியெண்டு நினைச்சம்.

டிசெம்பர் வந்துது. 21ம் திகதி இரவு கொட்டின மழையில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து, விடியக்க கண்டாவளை, முரசுமோட்டை, பன்னங்கண்டி எல்லாம் தண்ணி. எங்கட பிள்ளையள் ஆறு பேரும் ஒருத்தரும் கூப்பிடாமலே வந்து, பள்ளிக்கூடத்தில தங்கின சனத்துக்குச் சமைச்சு, வயசு போனவையை உழவு மெசினில ஏத்தி இறக்கி, ரெண்டு நாள் நித்திரையே இல்லை. மாசக் கடைசில வழக்கம்போல சீற் நிரப்பினம். 22ம் திகதிக்கு என்ன எழுதினம் தெரியுமோ? "வீட்டுத்தோட்டப் பயிற்சி, 8 மணித்தியாலம்."

மாசியில கணக்குப் பாக்க ஒருத்தர் கொழும்பில இருந்து வந்தார். கலண்டரை எடுத்து மேசையில வச்சார். 22 சனிக்கிழமை, அதோட போயா, பௌர்ணமி லீவு. "தம்பி, போயா நாளில வெள்ளத்துக்குள்ள எந்தத் தோட்டத்தில பயிற்சி குடுத்தனீங்கள்?" மனிசன் சிரிக்கக்கூட இல்லை. அந்த ஒரு வரியால முந்தின மாசச் சீற் எல்லாம் சந்தேகமாப் போச்சு, மூண்டு மாசக் கொடுப்பனவை நிப்பாட்டிப் போட்டினம், அதை நம்பித் தவணைக்குச் சைக்கிள் எடுத்த பிள்ளை ஒண்டும் இருந்தது. செய்யாத வேலையை எழுதி மாட்டுப்பட்டவையை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நல்ல வேலையைச் செய்துபோட்டு, அதை மறைச்சுப் பொய் எழுதி மாட்டுப்பட்டது நாங்கள்தான். இப்ப நினைச்சாலும் எரியுது.

செய்யவேண்டியது ஒண்டும் பெரிசில்லை. ஒரு சீஆர் கொப்பி, கட்டின பேனை, கதவடியில. போக முதல் அண்டைக்கு அண்டைக்கு வந்த நேரம், போன நேரம், எங்க, என்ன வேலை எண்டு அவையவையே எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். ஆறரை மணித்தியாலம் எண்டா ஆறரைதான், எட்டாக்காதேங்கோ. லீவெண்டா லீவு. வேலையைக் கண்ணால பாத்த ஆள் கிழமைக்கொருக்காக் கையெழுத்து வைக்கட்டும், பாக்காதவர் வைக்கக்கூடாது, தலைவரா இருந்தாலும். வெள்ளம் மாதிரித் திடீரெண்டு வேலை மாறினா, காசு தாறவைக்கு அண்டைக்கே ரெண்டு வரி வாட்ஸ்அப்பில போட்டு, செய்யலாமோ எண்டு கேளுங்கோ. பிறகு கதை கட்டத் தேவையில்லை.

எல்லாரும் முதலாளி

தலைவர் ஒண்டு சொல்லுவார், பொருளாளர் வேற சொல்லுவா, தொண்டர் பிள்ளை நடுவில முழுசிக்கொண்டு நிக்கும். ஒரு ஆளின்ர பேரை எழுதி ஒட்டுங்கோ.

சம்பளக்காரரை நிப்பாட்டிப்போட்டுத் தொண்டரைப் போடுறது

வேண்டாம். 1993ல அமெரிக்காவில சட்டம் போட்டுத் தொடங்கின அமெரிகோர்ப்ஸ் எண்ட அரசாங்கத் தொண்டர் திட்டத்திலயும் இது தடை: சம்பளத்துக்கு ஆள் செய்யிற வேலையைத் தொண்டரை வச்சுப் பறிக்கேலாது. முன்பள்ளி ரீச்சரின்ர சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் உங்களுக்குத் தொண்டர் வேணுமெண்டா விண்ணப்பிக்காதேங்கோ.

அறுவடை நேரம் ரெயினிங் வைக்கிறது

மாசியில ஒருக்கா வச்சனான். வந்தது நானும் ரீ போடுற அக்காவும்.