மனநல கிளினிக்கில் நோயின் பெயர் சொல்லிவிட்டார்களா?

தூக்கம் இல்லை, தேயிலை மலைக்கு வேலைக்குப் போக மனமில்லை, கொழுந்து எடுக்கும்போதே அழுகை வருகிறது, இது 2 வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கோடாங்கியைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை வேண்டாம், ஆனால் அதற்காகக் கிளினிக்கைத் தள்ளிப் போடாதீர்கள்.

இரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் மனச்சோர்வு போலவே ஆளை முடக்கிப் போடும்.

டாக்டருக்குத் தமிழ் வராவிட்டால் தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பக்கத்துக் காம்பராக்காரரை உங்களுக்காகப் பேசக் கூட்டிப் போனால் மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களம் முழுக்கத் தெரிந்துவிடும்.

நோயின் பெயர் சரியாகத் தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும், பெரிய நன்மை இதுதான். ஒரு காலத்தில் சோர்ந்து கிடந்தவர் இன்னொரு காலத்தில் நாள்கணக்கில் தூங்காமல், களைப்பே இல்லாமல், அளவுக்கு மீறிச் செலவு செய்து, ஓயாமல் பேசித் திரிந்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம், அதற்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகவும் கூடும். மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் வரை ஆகலாம், நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம், இத்தனை நாளும் சோம்பேறி என்று திட்டு வாங்கியவருக்கு இது ஒரு நோய்தான் என்று தெரிவதே எவ்வளவு பெரிய ஆறுதல்!

கஷ்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி “அங்கொடை கேஸ்” என்று பேசுவார்கள், கல்யாணப் பேச்சில் இழுப்பார்கள். அதனால் யாருக்குச் சொல்வது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்; மருந்தை ஞாபகப்படுத்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். வேலைக்கு லீவுத் துண்டு வாங்கும்போது நோயின் பெயரை எழுதத்தான் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று: நெஞ்சுவலி என்று போனாலும் “மனசுதான் காரணம்” என்று திருப்பி அனுப்பும் பழக்கம். அப்படி நடந்தால் நெஞ்சைப் பரிசோதிக்காமல் வெளியே வராதீர்கள்.

சொன்ன பெயர் பொருந்தவில்லை என்று தோன்றினால் கிளினிக் கொப்பியோடு இன்னொரு மனநல டாக்டரைப் பாருங்கள், நாள் போகப் போகப் பெயர் மாறுவதும் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே இலங்கையின் மனநல உதவி எண்ணான 1926க்கு எடுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.