வாரியரைத் தனியாக வளர்ப்பது எப்படி? வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் முதல் 30 லெவல்கள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில் வாரியர் என்ற போர்வீரனைத் தேர்ந்தெடுத்துத் தனியாகக் குவெஸ்ட் (ஆட்டம் தரும் பணி) செய்யத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "உடம்பெல்லாம் கவசம் போட்டிருக்கிற ஆள், ஏன் இத்தனை தடவை சாகிறான்?"

காரணம் இருக்கிறது. மற்ற கிளாஸ்களை, அதாவது பாத்திர வகைகளைப் பாருங்கள். ஹண்டருக்கு 10-ஆவது லெவலிலிருந்து முன்னால் நின்று அடி வாங்கிக்கொள்ள ஒரு விலங்கு கிடைத்துவிடும். மேஜ் எதிரியை உறைய வைத்துத் தூரத்திலிருந்தே முடித்துவிடுவார். பேலடின் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வார். வாரியருக்கு இவற்றில் எதுவும் இல்லை. எதிரிக்கு நேர் எதிரே நின்று, வாங்கிக்கொண்டேதான் கொடுக்க வேண்டும். வாங்கியது தானாகச் சீக்கிரம் ஆறவும் ஆறாது. அதனால் வாரியர் ஆடுகிறவர் ஒரு சண்டை முடிவதற்குள்ளேயே அடுத்த சண்டைக்கான ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்துக்காகத்தான். எனக்கு மிகவும் பிடித்த கிளாஸ் இது. பாதியில் விட்டுவிடாதீர்கள்.

படி 1: ரேஜைப் புரிந்துகொள்ளுங்கள்

மந்திரம் போடுகிறவர்களின் மானா சண்டை தொடங்கும்போது நிறைந்திருக்கும், போகப் போகக் குறையும். வாரியரின் ரேஜ் இதற்கு நேர்மாறு. காலியாகத் தொடங்கி, அடிக்கும்போதும் அடி வாங்கும்போதும் ஏறும். உச்சம் 100. சண்டை முடிந்ததும் சொட்டுச் சொட்டாக வடிந்து போய்விடும்.

இதில்தான் வாரியரின் பெரிய இழுபறி இருக்கிறது. ரேஜ் வடிவதற்குள் அடுத்த எதிரியிடம் ஓட வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றும். உட்கார்ந்து சாப்பிட்டு உயிரை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு பக்கம் தோன்றும். என் கணக்கு எளிது: உயிர் பாதிக்கு மேல் இருந்தால் ஓடுங்கள், பாதிக்குக் கீழே போனால் உட்காருங்கள். ரேஜுக்கு ஆசைப்பட்டுக் கால்வாசி உயிரோடு ஓடுகிறவர், சேமித்த நேரத்தையெல்லாம் செத்துப்போய், கல்லறையிலிருந்து ஆவியாக உடலைத் தேடி வருவதில் இழந்துவிடுவார்.

படி 2: ஆள் பாதி, ஆயுதம் பாதி

உண்மையில் பாதிக்கும் மேல். வாரியரின் அடிகளில் பெரும்பாலானவை கையில் இருக்கும் ஆயுதத்தின் அளவுக்குத்தான் வலிக்கும். காலணி பழையதாக இருக்கலாம், தோள்கவசம் இல்லாமலே இருக்கலாம். ஆனால் ஐந்தாறு லெவலுக்கு ஒருமுறையாவது ஆயுதத்தை மாற்றிவிடுங்கள். குவெஸ்ட் பரிசாக மூன்று பொருள்களில் ஒன்றை எடுக்கச் சொன்னால், முதலில் ஆயுதத்தைப் பாருங்கள். கையில் காசு சேர்ந்தால் ஏலக்கடையிலும் முதலில் ஆயுதத்தையே தேடுங்கள்.

தனியாக ஆடுவதற்கு இரு கை ஆயுதமே சிறந்தது, அதிலும் மெதுவாகச் சுழலும் ஆயுதம். ஓவர்பவர் போன்ற திறன்கள் ஆயுதத்தின் ஓர் அடியை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படுகின்றன. மெதுவான ஆயுதத்தில் அந்த ஓர் அடி பெரியது. கைக்கொரு வாள் பிடிப்பது அழகாக இருக்கும், ஆனால் அப்படிப் பிடிக்கும்போது சாதாரண வீச்சுகள் தவறும் வாய்ப்பு 19 சதவீதம் கூடிவிடுகிறது. அடி தவறினால் ரேஜும் வராது.

இங்கே புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆயுத வகைக்கும் தனித் தேர்ச்சி எண் இருக்கிறது. அதன் உச்சம் உங்கள் லெவலைப் போல் ஐந்து மடங்கு. புது வகையைக் கற்றால் அது 1-இலிருந்து தொடங்கும். 15-ஆவது லெவலில் முதல்முறையாக இரு கை வாளை எடுத்தால், சிறிது நேரம் காற்றைத்தான் வெட்டிக்கொண்டிருப்பீர்கள். எளிய எதிரிகள் இருக்கும் பகுதிக்குப் போய்ச் சற்று நேரம் பழகிவிட்டுத் திரும்புங்கள். ஸ்டார்ம்விண்ட் நகரத்தில் இரு கை வாளைக் கற்றுத்தர 10 வெள்ளி கேட்பார்கள். கொடுக்கலாம்.

படி 3: எதிரியைப் பொறுக்கி எடுங்கள்

விரலுக்கேற்ற வீக்கம் இருக்கட்டும். உங்களைவிட ஒன்றிரண்டு லெவல் குறைந்த எதிரிகளே வாரியருக்கு ஏற்றவை. மூன்று லெவல் மேலே போனால் உங்கள் அடிகள் அதிகம் தவறும், சாதாரண வீச்சுகள் உரசிக்கொண்டு போய் வலு குறையும். குவெஸ்டின் நிறம் அதன் கடினத்தைக் காட்டும்; ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் தள்ளிவைத்துவிட்டு, மஞ்சளும் பச்சையும் இருக்கும் பக்கம் போங்கள்.

இரண்டு எதிரிகள் சேர்ந்து நின்றால் ஓடிப்போய் இடையில் குதிக்காதீர்கள். வில்லோ, துப்பாக்கியோ, எறிகத்தியோ ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். தூரத்திலிருந்து ஒன்றை அடித்துவிட்டுப் பின்வாங்கி, சுற்றிலும் ஆள் இல்லாத இடத்தில் அதை எதிர்கொள்ளுங்கள். இதை நான் எல்வின் காட்டில் உள்ள ஃபார்கோடீப் சுரங்கத்தில் கற்றுக்கொண்டேன். அப்போது 7-ஆவது லெவல். வளைவில் நின்ற ஒரு கோபோல்டை (தலையில் மெழுகுவர்த்தி வைத்திருக்கும் எலிமுக உயிரினம்) உள்ளேயே போய் அடித்தேன். உயிர் கொஞ்சம்தான் மீதி இருந்தபோது அது திரும்பிச் சுரங்கத்துக்குள் ஓடியது. நானும் துரத்தினேன். இருட்டிலிருந்து அது இன்னும் இரண்டு பேரோடு வந்தது. அந்த மூன்று மெழுகுவர்த்திகளும் என்னை நோக்கி வந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. வாசல் வரை இழுத்து வந்து அடித்திருந்தால், ஓடியது உள்ளே போய்ச் சேருவதற்கு முன்பே விழுந்திருக்கும்.

படி 4: ஒரு சண்டை, தொடக்கம் முதல் முடிவு வரை

12-ஆவது லெவல் வாரியர் ஒருவர் வெஸ்ட்ஃபால் வயலில் ஒரு டிஃபையஸ் கொள்ளையனைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

சார்ஜ் செய்யுங்கள். 8 முதல் 25 கெஜ தூரத்துக்குள் எதிரி இருக்க வேண்டும், நீங்கள் வேறு சண்டையில் இருக்கக் கூடாது. பாய்ந்து சேர்ந்ததும் அவன் ஒரு நொடி திகைத்து நிற்பான், உங்களுக்குக் கொஞ்சம் ரேஜும் கிடைத்திருக்கும். அடுத்து ப்ளட்ரேஜ். கொஞ்சம் உயிரைக் கொடுத்து 10 ரேஜை உடனேயும், இன்னொரு 10-ஐ அடுத்த பத்து நொடிகளிலும் வாங்கிக்கொள்ளலாம். அடியின் வலுவைக் கூட்டும் முழக்கமான பேட்டில் ஷவுட் இரண்டு நிமிடம் நிற்கும், தீர்ந்திருந்தால் இப்போது போடுங்கள். பிறகு ரெண்ட். ரத்தம் வடிய வைக்கும் இந்த அடி சண்டையின் தொடக்கத்தில்தான் லாபம், சாகப்போகிறவனுக்குப் போடுவது வீண். சில எதிரிகளுக்கு ரத்தமே வடியாது. திரையில் 'இம்யூன்' என்று வந்தால் அந்த வகையிடம் மறுபடி முயலாதீர்கள்.

இப்போது ஓவர்பவர் பொத்தானில் கண் வையுங்கள். எதிரி உங்கள் அடியிலிருந்து விலகித் தப்பினால் அடுத்த சில நொடிகளுக்கு அது ஒளிரும். விலை 5 ரேஜ்தான். அதை அவனால் தடுக்கவோ விலகவோ முடியாது. இந்த லெவலில் இதைவிட மலிவான அடி உங்களிடம் இல்லை.

ஹீரோயிக் ஸ்ட்ரைக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முதல் லெவலிலிருந்தே இருப்பதால் எல்லோரும் அதை ஓயாமல் அழுத்துகிறார்கள். அது உங்கள் அடுத்த சாதாரண வீச்சின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 15 ரேஜும் செலவாகிறது, அந்த வீச்சு தந்திருக்க வேண்டிய ரேஜும் போகிறது. ரேஜ் நிரம்பி வழியும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

எதிரியின் உயிர் கால்வாசிக்கு வந்ததும் 10 ரேஜை எடுத்து ஹேம்ஸ்ட்ரிங் போடுங்கள். 8-ஆவது லெவலில் கிடைக்கும் திறன் இது. மனித உருவில் இருப்பவை பெரும்பாலும் சாகும் தறுவாயில் ஓடும், கால் நரம்பு வெட்டுப்பட்டவன் தூரம் போக மாட்டான். அதற்குமேல் எதையும் செலவழிக்காதீர்கள். மீதி உயிரைச் சாதாரண வீச்சே முடித்துவிடும். அவன் விழும்போது உங்களிடம் 25 ரேஜ் இருந்தால், அடுத்தவனிடம் நீங்கள் வெறுங்கையோடு போகப்போவதில்லை.

24-ஆவது லெவலில் எக்ஸிக்யூட் வந்ததும் இந்தக் கடைசிப் பகுதி மாறும். எதிரியின் உயிர் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் அதை அழுத்தலாம். கையில் மிஞ்சிய ரேஜ் முழுவதையும் அது அடியாக மாற்றிவிடும்.

படி 5: துணியைச் சேருங்கள்

ஃபர்ஸ்ட் எய்ட் கற்காத வாரியர் பாதி வாரியர். கொள்ளையர்கள் கீழே விடும் லினன் துணி ஒன்று போதும் ஒரு காயக்கட்டுக்கு. அது 6 நொடிகளில் 66 உயிரைத் தரும். இரண்டு துணியில் செய்யும் கனமான கட்டு 114 தரும். ஒருமுறை கட்டினால் அடுத்ததற்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கட்டும்போது அடி விழுந்தால் பாதியில் நின்றுவிடும். கையில் கிடைக்கும் துணியை விற்காதீர்கள். நடக்கும்போது கட்டுப் போட முடியாது என்பதால், சண்டை முடிந்த இடத்திலேயே, கீழே கிடப்பதை எடுத்துவிட்டு, சுற்றும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். சாப்பாட்டுக்காக உட்காரும் நேரம் பெருமளவு குறையும்.

படி 6: தப்பிக்க வழி

20-ஆவது லெவலில் ரிடாலியேஷன் கிடைக்கும். பேட்டில் ஸ்டான்ஸில் (வாரியர் தொடக்கத்திலிருந்தே இருக்கும் சண்டை நிலை) இருந்துகொண்டு அழுத்தினால், 15 நொடிகளுக்கு உங்களை நேரில் அடிக்கும் ஒவ்வொருவருக்கும் உடனே ஓர் அடி திரும்பப் போகும். மூன்று பேர் சூழ்ந்துகொண்டால், தோற்கும் சண்டையை இது ஒன்றே திருப்பிவிடும். மறுபடி பயன்படுத்த அரை மணி நேரம் ஆகும். ஆனாலும் பத்திரப்படுத்தியே செத்துப்போகாதீர்கள். 22-இல் வரும் இன்டிமிடேட்டிங் ஷவுட் எதிரியை நடுங்கி நிற்கவும் மற்றவர்களைச் சிதறி ஓடவும் வைக்கும், அந்த இடைவெளியில் ஒரு கட்டுப் போட்டுக்கொள்ளலாம். ரெண்ட் வடிந்துகொண்டிருந்தால் பயம் சீக்கிரம் கலைந்துவிடலாம்.

படி 7: 30-ஐத் தொட்டதும்

அதுவரை, லெவல் ஏறும்போது கிடைக்கும் டேலன்ட் புள்ளிகளை வாரியரின் டேலன்ட் கிளைகளில் ஒன்றான ஆர்ம்ஸ் பக்கமே போடுங்கள். அதில் உள்ள டாக்டிகல் மாஸ்டரியை நிரப்பினால், ஸ்டான்ஸ் மாற்றும்போது காலியாகிவிடும் ரேஜில் 25 வரை கையில் தங்கும்.

30-ஆவது லெவலில் வாரியர் பயிற்சியாளரிடம் கட்டாயம் போங்கள். ராட்செட் துறைமுகத்துக்கு அருகே உள்ள ஃப்ரே தீவுக்கு அனுப்புவார். அங்கே சோதனையில் வென்றால் பெர்செர்க்கர் ஸ்டான்ஸ் கிடைக்கும். தொடர்ந்து போனால் ஆல்டராக் மலைகளில் சைக்ளோனியன் என்ற எலிட்டை (சாதாரண எதிரிகளைவிட மிக வலுவானது) அழைத்து வீழ்த்த வேண்டியிருக்கும். பரிசு வேர்ல்விண்ட் ஆயுதம். கோடரி, வாள், சம்மட்டி என மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நான் கோடரியைச் சொல்வேன். 40 வரை அதைக் கீழே வைக்கத் தோன்றாது. சைக்ளோனியன் 40-ஆவது லெவல் எலிட் என்பதால் இந்த ஒரு சண்டைக்கு நண்பர்களைக் கூப்பிடுங்கள். அழைப்பதற்குத் தேவையான பொருள்களையெல்லாம் முன்கூட்டியே தனியாகச் சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டால், அவர்கள் ஒரு கால் மணி நேரம் வந்துபோனால் போதும்.