வயல்வெளியை நேரில் பார்த்து ஆயில் பெயின்ட்டில் வரைவது எப்படி?

வீட்டுக்குள் ஒன்றிரண்டு ஆயில் படம் போட்டிருக்கிறீர்கள், பிரஷ்ஷும் நைஃபும் கைக்குப் பழகியவை என்று வைத்துக்கொள்கிறேன். வெளியே போனதும் வரும் முக்கால்வாசிச் சிக்கலுக்குக் காரணம் வெளிச்சம்தான். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் மரநிழல் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போய்விடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

மூட்டை

பலகை 8×10 அங்குலம் போதும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கான்வாஸ் வெளியில் தொல்லை: காற்றைப் பிடிக்கும், பின்னாலிருந்து வெயில் ஊடுருவும். எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் வண்ணம் பிடிக்க உதவும் வெள்ளை அடிப்பூச்சான ஜெஸ்ஸோவை இரண்டு கோட் பூசி, நன்றாகக் காயவிட்டு எடுத்துப்போங்கள்.

வண்ணங்கள் ஏழு: டைட்டானியம் ஒயிட், காட்மியம் யெல்லோ லைட், யெல்லோ ஆக்கர், காட்மியம் ரெட் லைட், அலிசரின் கிரிம்சன், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் புளூ. அலிசரினில் ‘பெர்மனென்ட்’ என்று போட்டிருப்பதையே வாங்குங்கள்; பழைய வகை வெளிச்சத்தில் வெளிறிவிடும். வெள்ளை மட்டும் பெரிய ட்யூப். கறுப்பு தேவையில்லை, அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் அதைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும். பச்சை ட்யூபை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பன்றிமுடி ஃப்ளாட் பிரஷ் 4, 6, 8. இதில் 6 மட்டும் இரண்டு, ஒன்று இருட்டுக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு. ஒரே பிரஷ்ஷைக் கழுவிக் கழுவிப் போட்டால் வானம் கட்டாயம் அழுக்காகும். பிறகு பேலட் நைஃப், மூடியுள்ள சிறு ஸ்டீல் டப்பாவில் வாசனையற்ற தின்னர், நிறையப் பழந்துணி. ஈசலைத் தாங்கும் ட்ரைபாட் நடுவே ஒரு பையில் கல் போட்டுத் தொங்கவிடுங்கள். காற்றடித்தால் முதலில் சாய்வது ட்ரைபாட்தான்.

1. எங்கே நிற்பது

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இது. பலகையும் பேலட்டும் ஒரே வெளிச்சத்தில், அதுவும் நிழலில் இருக்க வேண்டும்.

பலகை மேல் நேர் வெயில் விழுந்தால் பூசும் வண்ணமெல்லாம் பளிச்சென்று தெரியும். கண் கூசுவதால் கை தானாகவே இருட்டான வண்ணத்தைக் கலக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்ததும் நடுப்பகல் வயல் அந்திநேரமாகத் தெரியும். அடர்ந்த மரத்தடியில் நின்றால் இதற்கு நேர்மாறு: வண்ணங்கள் மங்கித் தெரிவதால் வெள்ளையை அள்ளிச் சேர்ப்பீர்கள், படம் வெளிறிப்போகும். போதாததற்கு இலைகளின் பச்சைச் சாயல் பேலட் மீது படியும்.

சூரியன் பலகையின் முதுகில் படும்படி ஈசலைத் திருப்புங்கள். முடியாவிட்டால் வெள்ளை அல்லது கறுப்புக் குடை. நிறக்குடை தன் நிறத்தைக் கலந்துவிடும். சிவப்புச் சட்டையும் ஈர வண்ணத்தில் பிரதிபலிக்கும் என்பதால் சாம்பல் மாதிரி மங்கிய நிறம் நல்லது. கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொரு காப்பு: ஓர் அட்டையில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து சாம்பல் கட்டங்களை வீட்டிலேயே பூசிக் காயவைத்து, பேலட் பக்கத்தில் வையுங்கள். கலந்த வண்ணத்தை நைஃப் நுனியில் எடுத்து அட்டை மேல் பிடித்தால் அதன் அடர்த்தி எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடும். கண் ஏமாந்தாலும் அட்டை ஏமாறாது.

2. அடித்தளம், கோடுகள்

பர்ன்ட் சியன்னாவைத் தின்னரில் நீர்க்கக் கரைத்துப் பலகை முழுக்கப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பலகையில் எந்த வண்ணமும் உள்ளதைவிட இருட்டாகத் தோன்றும், அதற்காகத்தான் இது. பச்சைக்கு நடுவே விடுபட்ட இடங்களில் இந்தச் செம்மை எட்டிப்பார்ப்பதும் நன்றாகவே இருக்கும்.

நாலைந்து கோடு போதும். நிழல்களின் எல்லையை இப்போதே குறித்துவிடுங்கள். பிறகு அவை எங்கே நகர்ந்தாலும் துரத்தக் கூடாது.

3. நான்கு டோன்

டோன் என்பது ஓர் இடம் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்ற அளவு. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வானம்தான் மிக வெளிச்சம், வெளிச்சமே அங்கிருந்துதானே வருகிறது. மேல்நோக்கிக் கிடக்கும் தரை அதற்கடுத்து, சரிந்த மலைச்சரிவு அதற்கும் அடுத்து, செங்குத்தாக நிற்கும் மரங்கள் கடைசி. வெயில் படும் வெள்ளைச் சுவர், மழைமேகத்துக்குக் கீழே காய்ந்த வயல் ஆகியவை விதிவிலக்கு.

இருட்டிலிருந்து தொடங்குங்கள்: மெல்லியதாக, தின்னர் கலந்து, வெள்ளை சேர்க்காமல். அடுத்து நடு டோன்கள். வெளிச்சம் கடைசியில், ட்யூபிலிருந்து வரும் தடிப்பிலேயே. கீழே எண்ணெய் அதிகம், மேலே குறைவு என்று தலைகீழாகப் போனால், அடி மெதுவாகக் காய்ந்து நகர, மேல்தளம் வெடிக்கும்.

4. பச்சை

அல்ட்ராமரைனோடு காட்மியம் யெல்லோ சேர்ந்தால் வயல்பச்சை, யெல்லோ ஆக்கர் சேர்ந்தால் காய்ந்த புல். மரத்தின் நிழல்பக்கத்துக்கு அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, துளி மஞ்சள். எந்தப் பச்சை கத்தினாலும் துளி சிவப்பு அதை அடக்கும்.

வெயில் படும் புல்லுக்கு உடனே வெள்ளையைச் சேர்க்காதீர்கள், சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடும். முதலில் மஞ்சள், போதாவிட்டால் மட்டும் கொஞ்சம் வெள்ளை. தூரம் போகப்போக மஞ்சளைக் குறையுங்கள். தொலைமலைக்கு வெள்ளை, அல்ட்ராமரைன், கொஞ்சம் அலிசரின் போதும்.

இலைகளுக்கு இடையே தெரியும் வானத்துண்டுகளை வானத்தின் அதே வண்ணத்தில் வைத்தால் மரத்தில் வெள்ளைப் பொட்டு ஒட்டியதுபோலத் தெரியும். அரை டோன் இருட்டாக வையுங்கள். மரத்தின் விளிம்பு முழுக்கக் கூர்மையாக இருந்தாலும் வெட்டி ஒட்டிய மாதிரிதான். ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூன்று இடத்தில் உலர்ந்த பிரஷ்ஷால் வானத்துக்குள் இழுத்துவிடுங்கள்.

5. மூட்டை கட்டுவது

இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, மூலைகளில் கார்க் துண்டு கொடுத்து, கிளிப் போடுங்கள். ஒட்டிய பூச்சியை ஈரத்தில் நோண்டாதீர்கள், காய்ந்தபின் தட்டினாலே உதிர்ந்துவிடும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். குவியலாக இருந்தால் தானே தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் போடுங்கள், அல்லது வெளியிடத்தில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.

பின்சேர்க்கை: அடித்தளத்துக்கு அக்ரிலிக் பூசலாமா என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாக, முந்தின நாளே பூசிக் காயவைத்தால் வெளியில் நேரம் மிச்சம். ஆனால் ஆயில் மேல் அக்ரிலிக் கூடாது, உரிந்துவரும். தின்னரையும் மண்ணில் கொட்ட வேண்டாம்; டப்பாவை ஒரு ராத்திரி அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு ஊற்றிக்கொள்ளலாம்.