ஒலிப் பாடத்துக்கு ஒரு மத்தளம்

விஞ்ஞானப் பாடத்தில் ஒலி அலகு தொடங்குகிற கிழமை, கூத்தாடுகிற வீட்டுப் பிள்ளை யாரிடமாவது ஒரு மத்தளம் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பள்ளிக்கூடம் என்றால் ஒன்றுக்கு இரண்டாக வந்து சேரும். இசைக்கவர் (தட்டினால் ஒலிக்கும் இருகவர் உலோகக் கருவி) அலுமாரியிலேயே இருக்கட்டும். அதைத் தட்டினால் முன்வாங்குக்கு மட்டும்தான் கேட்கும்.

பிள்ளைகள் அதிகம் குழப்புவது உரப்பையும் சுருதியையும். பெரிய சத்தம் என்றால் மீடிறனும் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) கூடியது என்று பரீட்சையில் எழுதிவிட்டு வருவார்கள். மத்தளத்தின் ஒரே தலையை மெல்லவும் பலமாகவும் அடிக்க வையுங்கள்: மாறுவது வீச்சம் (அதிர்வின் அளவு), அதனால் உரப்பு. அதே பலத்தில் மற்றத் தலையை அடித்தால் சுருதி மாறும். கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தலை, எந்தப் பலம் என்று சொல்லவிடுங்கள். விளையாட்டாகவே விளங்கிவிடும்.

அடுத்தது செவிப்பறை. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்தில் உப்புத் தூவினால் அடி நமக்குத்தான் விழும். ஆகவே ஒரு பால்மா ரின்னின் இரு பக்கமும் திறந்து, ஒரு வாயில் பலூனை இறுக்கிக் கட்டி, அதன்மேல் கொஞ்சம் தூளுப்பு. ரின்னைத் தொடாமல் பக்கத்தில் மத்தளத்தை அடிக்க, உப்புத் துள்ளும். தொடாமலே எப்படித் துள்ளியது என்று கேளுங்கள். காற்று என்ற விடை பிள்ளைகளிடமிருந்தே வரும். அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் காதின் படம்: சம்மட்டியுரு, பட்டையுரு, ஏந்தியுரு என்ற மூன்று சிற்றெலும்புகள், உட்காதின் நத்தைச்சுருள். ஏந்தியுரு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான். குருணல் அரிசி ஒன்றைக் கையில் கொடுத்தால் அளவு பிடிபடும்.

ஒலியின் வேகத்தை அளக்க மைதானம் வேண்டும். கைபேசியில் நிமிடத்துக்கு 120 தட்டு வைத்து, அதற்கேற்ப ஒருவர் கையை நன்றாக உயர்த்தி அடிக்க, மற்றவர்கள் பார்த்தபடியே பின்னால் நடக்கட்டும். பக்கத்தில் கையும் சத்தமும் ஒன்றாக வரும். தூரம் கூடக் கூடச் சத்தம் பிந்தும். 87 மீற்றர் அளவில், கை மேலே நிற்கும்போது சத்தம் காதில் விழும். அந்த இடத்தில் பிந்தல் கால் செக்கன். தூரத்தை 0.25 ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 0 பாகையில் செக்கனுக்கு 331 மீற்றர், நம் 30 பாகை வெயிலில் 349 அளவு. புத்தகத்து எண்ணோடு ஏன் ஒக்கவில்லை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் கதை எப்படியும் வரும். பாடுவது மீனா, ஓட்டுயிரான ஊரியா என்ற வழக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கல்லடிப் பாலத்தடியில் தோணிக்காரர் ஏன் துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை வைக்கிறார் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பில் பட்டு அநேகமாக முழுதும் உள்ளேயே தெறிக்கும். காற்றுக்கு வருவது சொற்பம். மரம் அதை நேரே காதுக்குக் கடத்துகிறது. வாளித் தண்ணீருக்குள் இரண்டு கல்லைத் தட்டி, மரக்கோல் ஒன்றின் ஒரு முனையை நீரில் விட்டு, மறு முனையைக் காதின் பின்னெலும்பில் வைத்துப் பார்க்கட்டும். காதுக்குள் விடவே கூடாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கேட்டல் வீச்சு. கைபேசிச் செயலியில் மீடிறனை ஏற்றிக்கொண்டு போங்கள். கண்ணை மூடி, கேட்கும்வரை கை உயர்த்தியிருக்க வேண்டும். 20,000 ஹேர்ட்சு வரை என்பது புத்தகம். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். பிள்ளைகள் 15,000இலும் கையை வைத்திருக்க, நான் முன்னமே இறக்கிவிடுவேன். “ரீச்சர், கேக்கலயா?” என்று ஒரே கும்மாளம். நத்தைச்சுருளின் மயிர்க்கலங்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் இல்லை. 85 டெசிபெல்லில் 8 மணித்தியாலம் தாங்கலாம், 100 என்றால் 15 நிமிடம்தான். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் ஆடுகிறவர்களுக்கு இது உறைக்கும். 20 ஹேர்ட்சுப் பக்கம் போகாதீர்கள். கைபேசிகளின் சின்ன ஒலிபெருக்கிகளால் அது முடியாது.

எல்லாரும் உயர்த்தியிருக்க ஒரு பிள்ளையின் கை மட்டும் கீழே இருந்தால் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். கைபேசியை வைத்து முடிவும் சொல்லக் கூடாது. முன்வாங்குக்கு மாற்றிவிட்டு, பெற்றோரைத் தனியே கூப்பிட்டுக் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள். வெறும் குறும்பியாகவும் இருக்கலாம்.