பழைய மை கம்பெனி விளம்பரம் சேர்க்கறீங்களா? இதைப் பண்ணாதீங்க

விக்டோரியா காலத்து அச்சு மை விளம்பரங்களைச் சேர்க்க புதுசா வர்றவங்க ஒரே தப்பையே திரும்பத் திரும்பப் பண்றாங்க. டேப் ஒட்டாதீங்க, ஈரக்கையால தொடாதீங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல.

அடி வரியை வெட்டறது

இதை நினைச்சா இன்னைக்கும் வயிறு எரியுது. 1888ல ஆரம்பிச்ச 'பிரிட்டிஷ் பிரிண்டர்' மாதிரி தொழில் பத்திரிகைகள்ல மை கம்பெனிக்காரங்க அவங்க மையிலயே அச்சடிச்ச தனித்தாளைச் செருகி விடுவாங்க. பூ, கொடி, தங்கப்பொடி தூவின பார்டர்னு கண்ணைப் பறிக்கும், ஆனா பிரஸ்காரர் தேடிப் படிச்சது அடியில பொடி எழுத்துல இருக்கற வரியைத்தான், என்ன மை, ஒரு பவுண்டு எடை மை எத்தனை ஷில்லிங்னு அதுலதான் போட்டிருக்கும். விளம்பரமே சாம்பிள்!

போன வருஷம் ஒரு தம்பி ஆசையா ஒண்ணைக் கொண்டு வந்து காட்டுனாரு. அடியில வெள்ளையா விளிம்பே இல்ல. கேட்டா, "ஃப்ரேமுக்குள்ள அடங்கலண்ணே, அதான் கொஞ்சம் கத்தரிச்சேன்"ங்கறாரு. கொடியெல்லாம் பழுப்பும் சாம்பலுமா கெடந்துச்சு, அது முதல்ல ஊதாவா இருந்துச்சா இல்ல இப்படியேதானா? 1856ல பெர்கின்ங்கற வேதியியல்காரர் மாவ்ங்கற ஊதாச் சாயத்தைக் கண்டுபிடிச்சதுக்கப்புறம் வந்த, அனிலின்னு சொல்ற செயற்கைச் சாயங்கள் நிறைய வெளிச்சம் பட்டா வெளுத்துடும், அந்த வரி இருந்திருந்தா மையோட பேரைப் பாத்தே சொல்லியிருக்கலாம், இப்ப வெறும் கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியாது. நல்ல காசு கொடுத்து வாங்கினது, இனிமே விவரம் தெரிஞ்சவங்க யாரும் அதைத் தொடமாட்டாங்க. தாள் பெருசா இருந்தா ஃப்ரேமைப் பெருசா செய்ங்க, அவ்வளவுதான்.

வெயில்ல மாட்டறது

கூடவே கூடாது.

அலங்காரமா இருந்தாலே லித்தோன்னு (கல்லுல வரைஞ்சு அச்சடிக்கறது) சொல்றது

1880கள்ல கம்பாசிட்டருங்க, அதாவது அச்செழுத்து கோக்கறவங்க, பித்தளை ரூலை (கோடு அச்சடிக்கற மெல்லிய தகடு) வளைச்சு வளைச்சே கொடியும் வளைவும் கட்டியிருக்காங்க. லூப்ல, அதான் சின்ன பூதக்கண்ணாடில, மூலையைப் பாருங்க, ரெண்டு ரூல் சேர்ற எடத்துல மயிரிழை அளவு இடைவெளி தெரியும். தாளைத் திருப்பித் தடவுனா அழுத்தம் கைக்குத் தட்டுப்படும். அப்ப அது லெட்டர்பிரஸ், அதாவது மேடா இருக்கற அச்சுல மை தடவி அழுத்தி அடிச்சது.

பச்சை

எமரால்டு கிரீன்ங்கற பச்சை நிறமியில ஆர்சனிக்ங்கற விஷம் இருக்கு. தொட்டா கையைக் கழுவுங்க.

கம்பெனி ஆரம்பிச்ச வருஷத்தையே தாளுக்கும் போடறது

ஷேக்கெல் எட்வர்ட்ஸ் 1786லேர்ந்து இருந்த மை கம்பெனி, அந்தப் பேரை வச்சு என்ன வருஷம்னு சொல்லுவீங்க? முகவரியைப் பாருங்க. ஏ. பி. ஃப்ளெமிங்ங்கற இன்னொரு மை கம்பெனி எடின்பரோ பக்கத்துல லீத்ல ஆரம்பிச்சு, 1870கள்லதான் அங்கேயே கிராண்டன்ல இருக்கற கேரோலைன் பார்க்குக்கு வந்தாங்க. கேரோலைன் பார்க்னு போட்டிருந்தா தாள் அதுக்கு முந்தினதா இருக்கவே முடியாது.