முயல்கள் காட்டிய மூலை
எங்கள் முயல்கள் இரண்டும் கூண்டு முழுக்கப் புழுக்கை போட்டுக்கொண்டிருந்தன. ஒரே இடத்தில் போகப் பழக்கலாம் என்று, பூனைகளின் கழிப்பிடத்துக்கு விற்கும் களிமண் மணலை ஒரு தட்டில் கொட்டி வைத்தேன். அதைக் கொறிக்கப் பார்த்தன. ஈரம் பட்டால் கட்டியாகிற மணல், குடலை அடைத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றே தூக்கிப் போட்டேன்.

அப்புறம் கவனித்தால், இரண்டும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழித்தன. சரி, அவை பிடித்த இடமே இருக்கட்டும் என்று ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பை அங்கே வைத்தேன். அடியில் கிழித்த செய்தித்தாள், மேலே காய்ந்த புல். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. அதனால் தின்னும் புல்லையும் டப்பின் ஓரத்திலேயே குவித்தேன். சிறுநீர் துடைத்த காகிதத்தையும் உள்ளே போட்டேன், வாசனை பிடித்து வரட்டும் என்று. ஒரு வாரத்தில் பழகிவிட்டன. ஆண் முயல் மட்டும் சோபா ஓரத்தில் சிறுநீர் பீய்ச்சுவதை விடவில்லை; கருத்தடை செய்து சில வாரம் கழித்துத்தான் நின்றது.

ஈரக் காகிதத்தைத் தினமும் மாற்றுகிறேன். டப்பின் அடியில் வெள்ளையாகப் படிவது முயல் சிறுநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, சோப்புக்கு அசையாது. வினிகர் ஊற்றி 10 நிமிடம் விட்டால் கரையும். கழுவியபின் ஒரு பிடி பழைய புழுக்கையைத் திரும்பப் போட மறந்தால், மறுநாள் எங்கள் பாய்தான் கழிப்பறை.